குவைத்திலிருந்து வந்த நலம்

கயல், பிரபு,

இந்த நோட்டை வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாலும் சரி. பிரபு அவசரக்காரன், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு "அப்பா ஆரம்பிச்சிட்டாரு" என்று மூடிவிடுவான். மூடாதே. கயல், அவனை மூட விடாதே.

திங்கட்கிழமை கயல் ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸாகச் சேர்கிறாள். பிரபு மூன்று மாதமாக அதே மாதிரி ஒரு இடத்தில் நோயாளிகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். நான் பத்தாவதோடு நின்றவன். வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவனை, "ஊர் ஊராப் போய்ப் பேசத் தெரிஞ்ச ஆளு" என்று கடைசி எட்டு வருஷம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் போட்டார்கள். உங்கள் படிப்புக்கு நான் பாடம் சொல்ல முடியாது. ஆனால் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. நீங்கள் உட்காரப் போகிற நாற்காலியில் உட்கார்கிற எல்லோருக்கும் அந்தத் தப்பு வரும். உங்களோடு புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் அப்போதே தீர்ந்துவிட்டது.

முதலில் அந்த ஆராய்ச்சி என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மார்பில் கட்டியை எடுக்கும்போது அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் சில பேருக்கு எடுப்பார்கள். அதற்குப் பிறகு கையிலிருந்து நீர் இறங்க வழி குறைந்து, சிலருக்குக் கை வீங்கும். மாதம் போகப் போக வீங்கும். தினமும் வீட்டில் கையைத் தூக்கி, சுவரில் விரலை ஏற்றி இறக்கிச் சில பயிற்சிகள் செய்தால் அது குறையுமா என்பதுதான் கேள்வி. பாதிப் பெண்களுக்குப் பயிற்சிப் படம் போட்ட தாளைக் கொடுத்து மாதாமாதம் போனில் நினைவுபடுத்துவோம். மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். எல்லோரிடமும் மாதம் ஒருமுறை போனில் கேட்டு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். கை வீக்கம் உண்டா, வலி உண்டா, பயிற்சி செய்கிறாரா, கரண்ட் முடிந்ததா, மொத்தத்தில் நலமா. கரண்ட் என்றால் கதிர்வீச்சு. நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் மருந்து ஏற்றுவதும் மட்டும்தான். கரண்ட்டுக்கு வேறு இடத்துக்கு அனுப்புவோம். அதனால் அங்கே போனார்களா இல்லையா என்பது கேட்டால்தான் எங்களுக்குத் தெரியும்.

கேட்பது என் வேலை. டிக் போடுவதும் என் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு பாடம் வாங்கினேன். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. போனில் கிடைக்காத ஒரு அம்மாவைத் தேடி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் வண்டி பிடித்து, அங்கிருந்து உப்பிலியபுரம் போனேன். கழுத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்று போட்ட ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியது. டீக்கடையில் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். கடைக்காரர் அட்டையைப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் எட்டிப் பார்த்துப் படித்தார். நான் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்த அம்மா மகளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். "நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க தம்பி, ஆனா இப்படி வந்திருக்க வேணாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சம்பந்தம் பிறகு நடந்தது. ஆனாலும் அன்று முதல் சந்து முனையிலேயே அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன்.

அதோடு எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். இனி கதைக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிஸ்டர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். வயது இருபத்தேழு இருக்கும். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. ஃபாரம் எல்லாம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவிடம் போகும். என்னில் பாதி வயதுப் பெண்ணிடம் கணக்கு ஒப்பிப்பதுபோல் நிற்பது முதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். மறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கப் போனேன். அவர் ஒரு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மும்தாஜ் அக்காவுக்குக் கரண்ட் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்க. எங்க வச்சாங்க?"

"அது கேக்கலை சிஸ்டர். முடிஞ்சுதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

"வீட்டுக்காரரு. ஜாகிர் பாய். நல்ல மனுசன், முதல் ரிங்லயே எடுப்பாரு."

"அக்கா குரலைக் கேட்டீங்களா?"

"வீட்டுக்காரரே சொல்றாரே."

"கை வலிக்குதான்னு அவர்ட்டதான் கேட்டீங்களா?"

"ஆமா."

"வலிக்கிறது அவர் கையா?"

எனக்குச் சுருக்கென்றது. "சிஸ்டர், ஃபைல்ல இருக்கிற நம்பருக்குத்தான் நான் பண்ண முடியும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஃபைலில் ஆண்பிள்ளை நம்பர்தான் இருக்கும். ஆபரேஷனுக்குச் சேர்க்கும்போது கவுண்டரில் நிற்பவர் அவர்தானே. போனை எடுப்பவரும் அவரே. அவரிடம் கேட்பதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே. உங்கள் அம்மாவின் சுகர் கிளினிக்கிலிருந்து போன் வந்தால் நான்தான் எடுப்பேன். "நல்லா இருக்காங்க, மாத்திரை கரெக்ட்டா போடுறாங்க" என்பேன். அவள் நாலு அடி தள்ளி அடுப்படியில் இருப்பாள். கூப்பிட்டுக் கேட்டதில்லை.

சிஸ்டர் சண்டை போடவில்லை. "இப்ப பண்ணுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

ஆபீஸ் போனில் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவது வழக்கம். வழக்கம்போல் முதல் ரிங்கில் எடுத்தார்.

"சொல்லுங்க சார், அஸ்ஸலாமு அலைக்கும்."

"பாய், அக்கா பக்கத்துல இருக்காங்களா? ஒரு வார்த்தை பேசணும்."

"பக்கத்துலயா? நான் ரூம்ல இருக்கேன் சார். இப்பதான் நைட் ட்ரிப் முடிச்சு வண்டிய விட்டுட்டு வந்தேன்."

"எந்த ரூம் பாய்? வீட்ல இல்லையா?"

"வீடா?" அவர் சிரித்துவிட்டார். "சார், நான் குவைத்துல இருக்கேன் சார். ஆபரேஷன் முடிஞ்சு, மருந்து ஏத்துறது முடிஞ்ச வாரமே வந்துட்டேனே. நம்பர் மட்டும்தான் நம்மூரு நம்பர்."

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அதுதான் அவர் எனக்குச் செய்த மரியாதை.

மூன்று மாதமாக நான் கடலுக்கு அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவரிடம், எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பெண்ணின் கை வீங்கியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவரும் நல்லெண்ணத்தோடு பதில் சொல்லியிருக்கிறார். நான் அழகாக டிக் போட்டிருக்கிறேன். வீக்கம் இல்லை. வலி இல்லை. கரண்ட் முடிந்தது. நலம்.

"ஏன் சார், ஏதாச்சும் பிரச்சனையா?" ஜாகிர் பாயின் குரல் மாறிவிட்டது.

என்ன சொல்வது? ஒன்றும் தெரியாமல் பிரச்சனை இல்லை என்றும் சொல்லக்கூடாது, இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது. "ஃபாரத்துல அவங்க கையெழுத்து வாங்க விட்டுப்போச்சு பாய். வீடு எங்கன்னு சொல்லுங்க, நேர்ல வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது உண்மைதான். கோட்டைக்குப் பின்பக்கம், பள்ளிவாசலை ஒட்டிய சந்து என்று அடையாளம் சொன்னார்.

நான் தனியாகப் போவதாக இருந்தேன். "புருஷன் ஊர்ல இல்லாத வீட்டுக்கு நீங்க தனியாப் போய் நின்னா நல்லாவா இருக்கும்? நானும் வரேன், ஏறுங்க" என்று சிஸ்டர் தன் ஸ்கூட்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "என்னண்ணே, பொண்ணு பள்ளிக்கூடத்துல கொண்டு விடுதா?" என்றான். மற்ற நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சந்து முனையில் அட்டையைக் கழற்றினேன். சிஸ்டரும் கழற்றினார். வீட்டுக்கு எதிரே பூட்டு ரிப்பேர் செய்கிற கடை. கடைக்காரர் சாவியை அரத்தால் ராவிக்கொண்டே, "யாரைம்மா பாக்கணும்?" என்றார்.

"மும்தாஜ் அக்காகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும்" என்றார் சிஸ்டர். தையல் வேலை என்று ஃபைலில் இருந்ததை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"அவங்க இப்ப தைக்கிறதில்லையேம்மா. மெஷினைத் துணி போட்டு மூடி ரெண்டு மாசமாச்சு. முடியலைங்கிறாங்க."

நான் மூன்று மாதம் போன் போட்டுத் தெரிந்துகொள்ளாததை எதிர்க்கடைக்காரர் சாவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டார்.

கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து, "யாரு?" என்றது ஒரு குரல்.

அதுதான் முதல் தடவை நான் அவர் குரலைக் கேட்டது. கொஞ்சம் கட்டைக் குரல். மூன்று மாத ஃபாரத்திலும் இல்லாத ஒன்று அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மூச்சு வாங்கியது.

சிஸ்டர் மட்டும் உள்ளே போனார். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். நடுவில் ஒரு திரைதான். பேசுவது கேட்டது. கேட்காமல் இருக்க நகர்ந்து நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

"இந்தக் கை எத்தனை நாளா இப்படி இருக்கு அக்கா?"

"இது ரெண்டு மாசம். வளையலைச் சோப்பு போட்டும் கழட்ட முடியலை, பொடிச்சுத்தான் எடுத்தேன்."

"கரண்ட்டுக்குப் போனீங்களா?"

"இல்ல."

"ஒருநாள் கூடப் போகலையா?"

"போகணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தையல் பக்கத்துல இது வந்துருச்சு. கல்லு மாதிரி. தொட்டுப் பாருங்க. மறுபடியும் வந்துருச்சுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. டாக்டரம்மா பாத்தா திரும்ப ஆபரேஷன்னு சொல்லுவாங்க. சொன்னா எங்க வீட்டுக்காரவங்க மறுநாளே பிளைட் ஏறிருவாங்க. ஏற்கனவே லீவு போட்டு வந்ததுக்கே முதலாளி, இன்னொரு தடவை போனா அப்படியே ஊர்ல இருந்துக்கன்னுட்டாரு. பையன் காலேஜ்ல இருக்கான்."

"வீடியோல பாப்பாருல்ல?"

"தினமும் வருவாங்க. இந்தத் தோள் பக்கமா உக்காந்துக்குவேன். முக்காட்டை இப்படி இழுத்து விட்டுக்குவேன். 'கரண்ட் முடிஞ்சுதா'ன்னாங்க. முடிஞ்சுதுன்னேன். அல்ஹம்துலில்லாஹ்ன்னாங்க. அதைக் கேட்டப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை."

பிறகு அவரே சொன்னார். "நான் வரேன். ஆனா அவங்ககிட்ட யாரும் சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா வரமாட்டேன்."

"நாங்க சொல்ல மாட்டோம். நாளைக்கே வாங்க."

"பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" எனக்குத் தெரியும். எட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வராதவர்கள் சொல்வது அது. நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே பேசிவிட்டேன்.

"அம்மா, மூணு மாசமா போன் போட்டது நான்தான். உங்க வீட்டுக்காரரைக் கேட்டு நீங்க நல்லா இருக்கீங்கன்னு எழுதிட்டேன். உங்களை ஒரு தடவைகூடக் கேக்கலை. தப்பு என்னுது. நீங்க வந்தாத்தான் என்னால அதைத் திருத்த முடியும்."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்பார்க்கவில்லை.

"அவங்களும் நம்புறாங்க, நீங்களும் நம்பியிருக்கீங்க. நான் நல்லாத்தான் நடிக்கிறேன் போல" என்றார். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு வரேங்க" என்றார்.

திரும்பி வந்ததும் நான் செய்யப் போன காரியத்தைச் சொல்கிறேன். மூன்று மாத ஃபாரத்தையும் எடுத்து மேஜையில் வைத்தேன். டிராயரிலிருந்து வைட்னரை எடுத்து மூடியைத் திறந்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை. தப்பை அழித்துவிட்டுச் சரியானதைப் போடலாம் என்றுதான். ஆனால் கையெழுத்து என்னுடையது, டாக்டரம்மா பார்த்தால் என்ன நினைப்பார் என்ற பயமும் இல்லாமல் இல்லை.

"அண்ணே, அதை மூடுங்க" என்றார் சிஸ்டர். "இங்க எதையும் அழிக்கக் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு. கீழே என்ன இருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதுங்க. கையெழுத்து, இன்னைக்குத் தேதி. அவ்வளவுதான்."

"தப்பு அப்படியே தெரியுமே சிஸ்டர்."

"தெரியணும்ணே."

கயல், இதை நீ வகுப்பில் படித்திருப்பாய். நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூன்று தாளிலும் கோடு போட்டேன். ஒரு கோடுகூட நேராக வரவில்லை. பிறகு தாளை எடுத்துக்கொண்டு நானே டாக்டரம்மா அறைக்குப் போனேன். சிஸ்டர் கூட வரவா என்றார். வேண்டாம் என்றேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த அம்மா பயிற்சி செய்யுற குரூப்தானே?"

"ஆமாம்மா."

"கை வீங்கியிருக்கு. நீங்க வீங்கலைன்னு போட்டிருக்கீங்க. இது அப்படியே போயிருந்தா, பயிற்சியாலதான் வீங்கலைன்னு நாங்க எழுதியிருப்போம். அதைப் படிச்சிட்டு எங்கயோ ஒரு டாக்டர், நமக்குத் தெரியாத ஒரு பொம்பளைகிட்ட, 'வீட்லயே செய்ங்க, வர வேண்டாம்'னு சொல்லியிருப்பாரு."

மூன்று தாளில் போட்ட டிக் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஏதோ ஆபீஸ் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

"இன்னும் எத்தனை பேருக்கு வேற ஆளைக் கேட்டு எழுதியிருக்கீங்க?"

"நெறைய இருக்கும்மா."

"எல்லாரையும் திரும்பக் கேளுங்க. அவங்க வாயால." அவ்வளவுதான் சொன்னார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மும்தாஜ் வந்துவிட்டார். டாக்டரம்மா பார்த்தார். அந்தக் கல் மாதிரி இருந்த இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாள். கைக்குக் கட்டு போடுகிறவரிடமும் அனுப்பினார்கள்.

அந்த நாலு நாளில் இரண்டாவது நாள் ஜாகிர் பாய் அவராகவே கூப்பிட்டார்.

"சார், கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன் பாய்."

"எப்படி இருக்கா? நீங்க நேர்ல பாத்தீங்கள்ல?"

பிள்ளைகளே, இதைத்தான் நான் நெருக்கடி என்பேன். அவசர வார்டில் ஓடுவதை அல்ல. "நல்லா இருக்காங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாக்கு அதற்குத்தான் பழகியிருந்தது. சொன்னால் அது நாலாவது டிக். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போகலாம். சிஸ்டர் அப்போது வார்டில் இருந்தார். கேட்க ஆள் இல்லை.

"பாய்" என்றேன். "இனிமே அவங்களுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். அவங்ககிட்டயே கேளுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம் கேட்டது.

"அப்ப ஏதோ இருக்கு" என்றார்.

"அவங்ககிட்டப் பேசுங்க பாய். இன்னைக்கே பேசுங்க. சத்தம் போடாமப் பேசுங்க."

போனை வைத்ததும் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "சொல்லாமலே சொல்லிட்டீங்க" என்றார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. பொய் சொல்லவில்லை, அது மட்டும் தெரியும்.

மறுநாள் காலை மும்தாஜ் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"தெரியும். அவங்களே சொன்னாங்க. 'எப்பவும் நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டு வைக்கிற ஆளு, நேத்து நல்லா இருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு'ன்னாங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ராத்திரி முக்காட்டை எடுத்துக் கையைக் காட்டினேன். கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தலை. அழுதாங்க. அப்புறம் நான்தான் சமாதானம் பண்ணேன், நல்லா இருக்கு போங்க."

"வராராம்மா?"

"வரேன்னுதான் நின்னாங்க. ரிசல்ட் வரட்டும், அதுக்கு முன்னாடி டிக்கெட் போட்டீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்னுட்டேன்."

நாலாவது நாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கதவு திறந்தது. சிஸ்டர்தான் முதலில் வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நல்ல தலையாட்டல்.

புற்று மறுபடி வரவில்லை. உள்ளே போட்ட தையல் முடிச்சைச் சுற்றித் தழும்பு கெட்டியாகிக் கல் மாதிரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் வைக்கத் தாமதமாகிவிட்டது, அது நல்லதில்லை என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாராம். ஆனால் இன்னும் வைக்கலாம், உடனே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். மும்தாஜ் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "ஒரு முடிச்சுக்குப் பயந்துட்டு மூணு மாசம் வீட்ல உக்காந்திருந்தேனா?" என்றார். "நான் தையக்காரி வேற!" சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் சிரித்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள்.

கரண்ட்டுக்கு அஞ்சு வாரம் ஒருநாள் விடாமல் போனார். கை வீக்கம் முழுசாகப் போகவில்லை. போகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கட்டும் பயிற்சியும் ஆயுசுக்கும் வேண்டும். ஆனால் மெஷின் மேல் மூடியிருந்த துணியை எடுத்துவிட்டார். சாயங்காலம் சாயங்காலம் குவைத்திலிருந்து வீடியோவில் வந்து, அவர் சுவரில் விரலை ஏற்றி இறக்குவதை ஜாகிர் பாய் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாராம். "நான் ஏழுன்னா அவங்க இன்னும் அஞ்சுலயே நிக்கிறாங்க, ஏமாத்தறாங்க" என்று ஒரு மாத ஃபாலோ-அப்பில் மும்தாஜ் என்னிடம் புகார் சொன்னார். அந்த மாதம் நான் கூப்பிட்டது அவருடைய சொந்த நம்பருக்கு.

மற்றவர்களையும் திரும்பக் கேட்டு முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. பல பேருக்குப் போன் இல்லை. சிலர் வீட்டில் போனைக் கையில் கொடுக்கவே யோசித்தார்கள். "அவளுக்கு என்ன தெரியும், என்னையே கேளுங்க" என்பார்கள். நான் காத்திருப்பேன். "பரவாயில்லைங்க, வரட்டும், லைன்ல இருக்கேன்" என்பேன். நீங்களும் அப்படிச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பிரபு, கம்ப்யூட்டரில் நீ ஏற்றுகிற ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால் ஒரு குரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றாதே, திருப்பி அனுப்பு. கயல், நீ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது உன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒருவன் சத்தம் போட்டால், ஜன்னலைப் பார். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடாதே.

ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. காவேரிப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. உங்கள் அம்மா உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருந்தாள். கை கால் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்து அவளுடைய சுகர் கிளினிக் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் தொடர்பு எண் என்று போட்டு என் நம்பர் இருந்தது. என் கையெழுத்துதான்.

அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்.

அவள் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. என் போனில் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பக்கத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்து அலமாரியைச் சாத்தினேன்.